புனைபெயர் யாரிடமிருந்து மறைக்கும்?

கேள்வி: அஞ்சல் துறையில் வேலை பார்க்கிறேன். பத்து வருடங்களாக எழுதிய பதினான்கு சிறுகதைகள் புத்தகமாக வரப்போகின்றன. சில கதைகளில் புகுந்த வீட்டு மனிதர்கள் தலைகாட்டுவதால் புனைபெயரில் போடலாம் என்று பார்க்கிறேன். கணவரோ, “சொந்தப் பெயரில் போட்டால்தானே உரிமையும் ராயல்டியும் உனக்கு வரும்” என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் கணவரின் கவலை சுலபமாகத் தீரக்கூடியது. புனைபெயர் அட்டைக்கு மட்டும்தான். பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் உங்கள் முழுப்பெயர் இருக்க வேண்டும். இன்ன புனைபெயரில் எழுதுகிறவர் என்று அதே வரியில் சேர்த்துவிடுங்கள். ராயல்டி உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், வரிப் பிடித்தமும் உங்கள் பான் எண்ணிலேயே ஏறும். அமேசான் கிண்டிலில் நீங்களே மின்னூல் போட்டாலும் இதே ஏற்பாடுதான்: கணக்கு உண்மைப் பெயரில், புத்தகம் புனைபெயரில்.

ஆனால் உரிமை விஷயத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தப் பெயரில் எழுதியவருக்கு வாழ்நாள் முழுவதும், அதன்பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. எழுதியவர் யாரென்றே தெரியாத புனைபெயர் நூலுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்தான். 2025இல் வந்த புத்தகம் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுங்கள். ரகசியம் கடைசிவரை உடையவில்லை என்றால் 2085 முடிவோடு உரிமை போய்விடும். எழுதியவர் 2065 வரை வாழ்ந்து, தான் யாரென்று வெளியே சொல்லியிருந்தால் 2125 வரை நீளும். பேரப்பிள்ளைகளுக்கு நாற்பது வருட வித்தியாசம். அந்த 60 ஆண்டு முடிவதற்குள் எழுத்தாளரும் பதிப்பாளரும் பகிரங்கமாக அறிவித்தாலே போதும், நீண்ட காலக்கெடு கிடைத்துவிடும். ஆகவே இன்று மறைத்துவிட்டு ஓய்வு பெற்றபின் சொல்லலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. புத்தகத்தில் அச்சான பெயருக்கு உரியவரே ஆசிரியர் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். புனைபெயர் என்றால் அது நான்தான் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். கையெழுத்துப் பிரதி, பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அந்தப் பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது.

சரி, உண்மையான விஷயத்துக்கு வருவோம். நீங்கள் யாரிடமிருந்து மறைய விரும்புகிறீர்கள்?

அலுவலகத்திடமிருந்து என்றால் புனைபெயர் உதவாது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964) அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. வேலை கெடாமல் இருந்தால் சரி. ஆனால் அரசின் கொள்கையைப் பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிற 9ஆம் விதி, சொந்தப் பெயரில் எழுதினாலும், பெயரே இல்லாமல் எழுதினாலும், புனைபெயரில் எழுதினாலும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. விதியை எழுதியவருக்கு எழுத்தாளர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சொந்தக்காரர்களிடமிருந்து என்றால் இன்னும் கஷ்டம். பிரதி திருத்தும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஊர்க்காரர்கள் ஆசிரியர் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, கதையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நான் திருத்திய ஒரு தொகுப்பில் சித்தப்பா ஒருவர் பங்குக் கிணற்றில் மோட்டார் வைத்த கதை வந்தது. ஆசிரியர் வைத்துக்கொண்டதோ யாரும் யூகிக்க முடியாத பெயர். புத்தகம் ஊருக்குப் போன மூன்றாம் நாள் சித்தப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது. கிணறு காட்டிக்கொடுத்துவிட்டது! ஆகவே உங்கள் பெயரை மாற்றுவதற்கு முன்னால் மாமியாரின் ஊரை, தொழிலை, திக்குவாயை, அந்த ஒரே ஒரு பழமொழியை மாற்றுங்கள். அவதூறு வழக்கு என்று யாராவது போனாலும் புனைபெயர் உங்களைக் காக்காது. பதிப்பாளருக்கு நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயரை அவர் சொல்லியாக வேண்டிய நிலை வரலாம்.

அப்படியானால் புனைபெயர் வீணா? இல்லை. எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற ஆளை அது கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவைக்கும். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய ரொக்கையாவுக்கு சல்மா என்ற பெயர் அந்த இடத்தைக் கொடுத்தது. இன்று அவரை எல்லோரும் அறிவது அந்தப் பெயரில்தான். ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதுவதற்கும் அது வசதி. கல்யாணசுந்தரம் கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி. திருவரங்கத்தைப் பற்றி எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான் கிளுகிளுப்பான மர்மக் கதைகளை எழுதிய புஷ்பா தங்கதுரை. இரண்டு வாசகர் கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் இருந்ததற்குப் பெயர்தான் காரணம். பெண்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அப்பா இன்ஷியலா, கணவர் இன்ஷியலா என்ற தகராறே இல்லை.

என் கருத்து: நீங்கள் புனைபெயரே வைத்துக்கொள்ளுங்கள், ரகசியத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல் புத்தகம் வரும் முன்பே முடிவு செய்வது நல்லது. மூன்றாவது புத்தகத்தில் பெயர் மாற்றினால் வாசகர் புது ஆள் என்று நினைத்துக் கடந்துபோவார். வேறு எழுத்தாளருக்கு அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால்தான் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நூலகப் பட்டியலில் ஒரே ஆள் மூன்று பேராகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பின்னட்டையை மறந்துவிடாதீர்கள். அழகாகப் புனைபெயர் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையில் எடுத்த படத்தையும் பிறந்த ஊர், புகுந்த ஊர், பார்க்கும் வேலை எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கத் தரும் மெய்ப்பு வரும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லி முதலில் அதைப் பாருங்கள்.