தகலாக் வினைச்சொற்கள் பிடிபடவில்லை என்றால்

தம்பி, மணிலாவில் மிஷனரிப் பயிற்சியில் சேர்ந்து சில வாரமாகியும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலாக்கின் வினைச்சொற்கள் குழப்புகின்றன, வாய் திறக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வினையோடு சேரும் ஒட்டுகளின் அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

'குமாயின் அக்கோ நங் இஸ்தா' என்றால் மீன் சாப்பிட்டேன். 'கினாயின் கோ அங் இஸ்தா' என்றால் அந்த மீனைச் சாப்பிட்டேன். எதை முன்னிறுத்துகிறோமோ அதற்கேற்ப வினை மாறுகிறது, அவ்வளவுதான். இப்படி ஜோடி ஜோடியாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

நாம், நாங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு: தாயோ, கமி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடம் அது, உங்களுக்கு எளிது. கர்த்தர் ஜெபமும் நம்முடைய 'எங்கள் பிதாவே' போலவே 'அமா நமின்' என்றுதான் இருக்கும். அப்புறம், சமையலறையில் வேலை செய்பவர்களிடம் தினமும் கொஞ்சம் பேசுங்கள். தப்பாகப் பேசினாலும் அன்பாகத் திருத்துவார்கள்.