ஓட்டுபவர் போதையில் இருக்கிறாரா? பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

திருவிழா, கல்யாண வீடு முடிந்து இரவில் நண்பன் பைக்கில் திரும்பும் பிள்ளை, ஓட்டுபவர் போதையில் இருப்பதை எப்படிக் கண்டுகொள்வது, அப்போது என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

வாடையை மட்டும் நம்ப வேண்டாம்; பாக்கு அதை மறைத்துவிடும், கஞ்சாவுக்கோ தூக்க மாத்திரைக்கோ சாராய வாடையே இராது. வண்டி எடுக்கும் முன் பாருங்கள்: சாவித் துவாரத்தைத் தேடுகிறாரா, ஸ்டாண்டை எடுக்க மறக்கிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, கண் சிவந்து சொருகுகிறதா? ஒன்று இருந்தாலும் ஏறக்கூடாது. மோர், காபி, குளியல் எதுவும் போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் கரைக்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் மட்டுமே.

ஏறிய பிறகு தெரிந்தால் வாதாடாமல், "அண்ணே, வாந்தி வருது, ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லி, வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்தில் இறங்கிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. "எந்நேரமானாலும் கூப்பிடு, வந்து கூட்டிட்டுப் போறேன், இன்னிக்குத் திட்ட மாட்டேன்" என்று முன்பே வாக்குக் கொடுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளை அந்த பைக்கிலேயே ஏறுகிறது.

நீங்களே வண்டி ஓட்டிப் போகும்போது, உதாரணமாக மதுரை - மேலூர் நான்குவழிச் சாலையில், முன்னால் ஒரு வண்டி கோடு தாண்டி அலைந்தால் முந்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், பின்தங்குங்கள். ஓரங்கட்டி நிறுத்தி அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, வண்டி எண், நிறம், எதைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். "மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் பக்கம்" என்றால் போதும்.