பெயர்ச்சீட்டு இல்லாத கொத்துப் பனை

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு நர்சரியில் தூர் தூராக வளரும் பனைச்செடி பார்த்தேன். பெயர்ச்சீட்டு இல்லை. கேட்டால் 'அரிகா பாம்' என்கிறார்கள். ஆனால் ஓலையின் நுனியெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. வீட்டு முற்றத்துக்கு நாலு தொட்டி வேண்டும். நம்பி வாங்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த எலிக்கடி நுனிதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு. அரிகாவின் ஓலைக்கீற்று கூராக முடியும்; மட்டைக்காம்பு மஞ்சளோடியிருக்கும். கீற்று நீளமாக, நுனி மட்டும் பிய்த்த மாதிரி, காம்பும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் மெக்கார்தர் பனை. கீற்றே முக்கோணமாக மீன்வால் போல விரிந்தால் மீன்வால் பனை, நம் கூந்தல் பனைக்குச் சொந்தம். அதன் பழச்சாறு பட்டால் தோல் அரிக்கும். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்துக்கு அது வேண்டாம்.

அடுத்து, குனிந்து தூரைப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஏமாறுவதும் இங்கேதான். மேல்மண்ணை விரலால் கொஞ்சம் விலக்குங்கள். தாய்த்தண்டின் அடியை ஒட்டி ஈட்டிமுனை போல இளங்கன்று கிளம்பியிருந்தால் அது தானாகத் தூர் கட்டும் செடி. எல்லாத் தண்டும் ஒரே பருமனில் தனித்தனியாக மண்ணிலிருந்து எழுந்தால், பல கன்றுகளை ஒரே தொட்டியில் நட்டிருக்கிறார்கள். அரிகாவையும் அப்படி நட்டு விற்பது உண்டு. பின்னால் அது தூர் விட்டுக்கொள்ளும், குற்றமில்லை. கிறிஸ்துமஸ் பனை போன்ற ஒற்றைத்தண்டு வகையை மூன்று மூன்றாக நட்டுக் 'கொத்து' என்று விற்றால்தான் நஷ்டம். எத்தனை வருஷம் வளர்த்தாலும் அந்த மூன்றுதான்.

மெக்கார்தர் என்றால் தாராளமாக வாங்குங்கள். முற்றத்தின் அரைநிழல் அதற்குப் பிடிக்கும். ஆனால் நியூ கினி, வட ஆஸ்திரேலியாவின் ஈரக்காட்டுச் செடி அது. நம் சித்திரை வெயிலில் தொட்டி மண் காய்ந்தால் ஓலை கருகும். சிவப்புத் தண்டுப் பனையைக் காட்டி ஆசை காட்டினால் மட்டும் மயங்காதீர்கள். அது சதுப்பு நிலத்துச் செடி, செட்டிநாட்டு வறட்சியைத் தாங்காது.

அப்புறம், பில்லில் 'செடி 4' என்று எழுதவிடாமல் வகைப் பெயரை எழுதி வாங்குங்கள். பில் தராமலிருப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பெயர் எழுதத் தயங்கினால், ஒரே ஒரு தொட்டி வாங்கி ஒரு கோடை பாருங்கள். மற்ற மூன்றை அப்புறம் வாங்கலாம்.