பனி அள்ளும்போது வந்த நெஞ்சு இறுக்கம், புதன்கிழமை வெயிலில் சரியாகுமா?

கேள்வி: டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். ஆகஸ்டில் அப்பா திருச்சியிலிருந்து, பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தார். வயது 68. பல வருடங்களாக சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. இந்த வருடம் நவம்பர் தொடக்கத்திலேயே, ஒரு சனிக்கிழமை இரவு பனி கொட்டிவிட்டது. ஞாயிறு காலை மைனஸ் 7. நாங்கள் எழுந்திருப்பதற்குள் அப்பா வீட்டு முன்னால் இருந்த பனியை அள்ளத் தொடங்கிவிட்டார். பாதியில் நெஞ்சு இறுகி, இடது தோள் கனத்திருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் போய்விட்டதாம். "வாயுதான், குளிர் பிடித்துக்கொண்டது" என்கிறார். புதன்கிழமை 11 டிகிரி வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. அதுவரை பார்த்துவிட்டு, வெயில் வந்ததும் நடக்கப் போகிறேன் என்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இதை உங்களுக்குத் தனியாக உடனே எழுதிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

வேலை செய்யும்போது வந்து, ஓய்வெடுத்ததும் போகிற நெஞ்சு இறுக்கம் இதயத்திலிருந்து வருவதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தபிறகுதான் வாயுவைப் பற்றிப் பேசலாம். இதுவரை இல்லாமல் புதிதாக வந்திருக்கிறது என்பது கவலையைக் கூட்டுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய வலி பல சமயம் வலியாகவே தெரியாது. மூச்சு வாங்கும், வியர்க்கும், அசதியாக இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்கே இறுக்கம் தெரிந்திருக்கிறது என்றால் அதை லேசாக விட முடியாது.

அவசரப் பிரிவில் இசிஜி எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சில மணி நேரம் கழித்து அதையே திரும்பவும் எடுக்கலாம். முதல் இசிஜி சரியாக இருக்கிறது என்று அப்பா கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள். ஓய்வில் எடுக்கும் இசிஜியில் அடைப்பு தெரியாமலும் போகும்.

ஏன் பனி அள்ளும்போது வந்தது? குளிர் பட்டதும் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ள தோலிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்த அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் ரத்தத்தைத் தள்ள வேண்டும். குளிர் காற்றை இழுத்து மூச்சு விடும்போது இதயத்துக்குப் போகும் குழாய்களும் சுருங்கலாம். இதற்கு மேல் கை வேலை. நடப்பதில் கால் தசைகள் அசைந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும். அள்ளுவதில் கால் ஓரிடத்தில் நிற்க, கையும் தோளும்தான் சுமையைத் தூக்கும். தூக்கும்போது பலரும் மூச்சை அடக்கிக்கொள்வதால் அழுத்தம் இன்னும் எகிறும். எல்லாம் சேர்ந்து விடிகாலையில், தூங்கி எழுந்த உடம்போடு. தினமும் நடக்கிறவராக இருந்தால் இதையும் தாங்குவார் என்று பலர் நினைப்பார்கள். நடைப் பழக்கம் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு அது போதாது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மாரடைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. பனி கொட்டிய மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடியிருந்தது. பனி எவ்வளவு அதிகமோ, அபாயமும் அவ்வளவு அதிகம். பெண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

பருவத்தின் முதல் பனி என்பதையும் கவனியுங்கள். குளிருக்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். பிப்ரவரியில் தாங்கிக்கொள்ளும் மைனஸ் 7, நவம்பரில் கடுமையாக இருக்கும். இருபது வருடமாக கனடாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். திருச்சி வெயிலில் வாழ்நாள் முழுக்க இருந்தவருக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, புதன்கிழமை வெயில். என் பெரிய பயமே அதுதான். 11 டிகிரியில் நிதானமாக நடந்தால் இறுக்கம் வராமல் போகலாம். உடனே "பார்த்தாயா, குளிர்தான் காரணம்" என்பார். குழாயில் அடைப்பு இருந்தால் அது புதன்கிழமையும் அப்படியேதான் இருக்கும். அன்றைக்கு இதயத்துக்கு வேலை குறைவு, அதனால் வலி வராமல் இருக்கலாம். அடுத்த குளிரலை வந்து, அடுத்த பனியை அள்ளும்போது, பத்து நிமிடத்தில் போகாத வலியாக வரலாம்.

இன்னொன்று. குளிரில் ஏறும் ரத்த அழுத்தம் சூடு வந்ததும் சற்று இறங்கும். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் தொடவேண்டாம்.

வெயிலில் உருகும் பனி தண்ணீரை உறிஞ்சி நன்றாகக் கனத்துவிடும். மிச்சத்தையும் அள்ளிவிடலாம் என்று அப்பா கிளம்பினால் முன்பைவிடப் பெரிய சுமையைத் தூக்குவார். உருகிய தண்ணீர் இரவில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனியாகத் தரையில் கிடக்கும். இந்த வயதில் ஒரு தடவை வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறியலாம். வாசலிலும் படியிலும் உப்பு தூவி வையுங்கள். பிறகு வெளியே போகும்போது பெங்குவின் மாதிரி சின்னச் சின்ன அடியாக நடக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். செலவு. சூப்பர் விசாவுக்கு குறைந்தது 1 லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஆகவே அப்பாவுக்கு பாலிசி இருக்கும். அதிலுள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், ஆனால் அவர்கள் பதிலுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு நிபந்தனைகள் இருக்கக்கூடும். அதற்காக சர்க்கரையை, அழுத்தத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மாத்திரைப் பட்டைகளையும் திருச்சி டாக்டரின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

போவதற்குள் மறுபடி இறுக்கம் வந்தால், மூச்சு முட்டினால், வியர்த்துக் கொட்டினால் நீங்களே காரில் ஏற்ற வேண்டாம். 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் தரலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். அப்பாவுக்கு ரத்தக்கசிவோ அல்சரோ ஒவ்வாமையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதய டாக்டர் அனுமதிக்கும் வரை புதன்கிழமை நடையும் வேண்டாம். பனி அள்ளும் வேலையை இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் வைத்துவிடுங்கள்.