நாய்க்கு பீர் ஊத்தலாமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

போன வாரம் பாம்பன் பக்கம் கூட்டாளி ஒருத்தன் வீட்டு நாய் வாந்தியெடுத்து கால் பின்னிக்கிட்டு கிடந்துச்சு, என்னடான்னு விசாரிச்சா பசங்க விளையாட்டா பீர் ஊத்தியிருக்காங்க. அதுலருந்து ஆளாளுக்கு இதே கேள்விதான். நான் டாக்டர் கிடையாது, கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவன், தேவிபட்டினத்துல நம்ம ராமநாதபுரம் பக்கத்து நாட்டு நாய் ரகமான மண்டை நாய் மூணு வச்சிருக்கேன். தெரிஞ்சத சொல்றேன்.

தங்கச்சிமடம் தம்பி: அண்ணே, கடலுக்கு போயிட்டு வந்ததும் கரையில உக்காந்து ஆளுக்கொரு பீர் அடிப்போம், எங்க கருப்பன் வாலாட்டிக்கிட்டே வந்து நக்குவான். ஒரு மூடி குடுத்தா என்ன ஆயிறப் போகுது?

ஒரு மூடிய நக்குனதுக்கு உயிர் போயிறாது தம்பி. ஆனா நீங்க மூடியோடயா நிறுத்துவீங்க, மூணாவது பாட்டில் தொறக்குறப்ப கொட்டாங்கச்சியில ஊத்த ஆரம்பிச்சிருவீங்க. கணக்கு பாரு. ஸ்ட்ராங் பீர்ல 8 சதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கு, 650 மில்லி பாட்டில்னா 41 கிராம் வருது. நீ 70 கிலோன்னா உனக்கு கிலோவுக்கு அரை கிராமும் சொச்சமும், அதே பாட்டில் 10 கிலோ நாய்க்கு போனா கிலோவுக்கு 4 கிராம். 5.5லருந்து 8 கிராமுக்குள்ள போனா நாய் செத்துப்போகும்னு கால்நடை மருத்துவத்துல கணக்கு வச்சிருக்காங்க. 5 கிலோ குட்டிக்கு ஒரே பாட்டில் அந்த எல்லைய தாண்டிரும். தள்ளாட்டம், வாந்தியெல்லாம் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துரும். அப்புறம் இன்னொண்ணு, கருப்பனுக்கு பீர் மேல ஆசைன்னு நீங்களே சொல்லிக்கிறீங்க, அவன் வர்றது மால்ட் வாசத்துக்கும் உன் கையில இருக்குற மீன் வாசத்துக்கும்.

உச்சிப்புளியிலருந்து ஒரு அக்கா: எங்க வீட்டுக்காரரு நாய்க்கு ஊத்திட்டு, அது அசந்து கிடந்தா போதை தெளிஞ்சா எந்திரிக்கும்ங்கிறாரு. மோர் ஊத்தவா, எலுமிச்சம்பழம் புழியவா?

ரெண்டும் வேணாம்க்கா. மயக்கத்துல இருக்குற வாயில எத ஊத்துனாலும் நுரையீரலுக்குள்ள இறங்கிரும், அதுலயே உயிர் போகலாம். உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையும் கூடாது, உப்பே விஷமாயிரும். விஷத்த உறிஞ்சக் குடுக்குற கரிமாத்திரையும் ஆல்கஹால உறிஞ்சாது. தலையில பச்சத்தண்ணிய ஊத்தி தெளிய வைக்கிறேன்னு ஆம்பளைங்க கிளம்புவாங்க பாருங்க, அதான் இருக்குறதுலயே மோசம், ஏன்னா நாய்க்கு 38, 39 டிகிரி இருக்க வேண்டிய உடம்புச்சூடு ஏற்கனவே இறங்கிக்கிட்டு இருக்கும், ரத்தத்துல சர்க்கரையும் இறங்கும், மூச்சு மெதுவாகும், வெளிய பாக்குறவனுக்கு நல்லா தூங்குற மாதிரியே தெரியும். குடிச்ச அரை மணி, ஒரு மணி நேரத்துல இதெல்லாம் ஆரம்பிச்சிரும். பேர் சொல்லி கூப்பிட்டு, காத கிள்ளிப் பாருங்க. எந்திரிக்கலைன்னா ஒருக்களிச்சு படுக்க வச்சு, சாக்கோ பழைய சேலையோ போத்தி, உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, குளுக்கோஸ் ட்ரிப் போடணும். வண்டி இல்லைன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் அடிச்சுப் பாருங்க. எத்தன மணிக்கு, எவ்வளவு ஊத்துனாருன்னு அவர்கிட்ட உண்மைய வாங்கிட்டு போங்க, வெக்கப்பட்டு மறைச்சா டாக்டர் வேற வியாதிய தேடிக்கிட்டு இருப்பாரு. முழிச்சுதான் இருக்குதுன்னா போற வழியில ஈறுல கொஞ்சம் சர்க்கரத் தண்ணி தடவலாம்.

தொண்டி: கள்ளு இயற்கையானதுதானே, அது ஆகுமா? பதநீர்?

கள்ளுலயும் அதே ஆல்கஹால்தான் மாமா, பீருக்கு சளைச்சதில்ல, பனையிலருந்து வந்தா நாயோட ஈரலுக்கு வேற மாதிரி தெரியுமா என்ன. சுண்ணாம்பு தடவி இறக்குன பதநீர்ல போதை கிடையாது, வெறும் சர்க்கரை, நாய்க்கு அவசியமே இல்ல. சுண்ணாம்பு இல்லாம இறக்குனா சில மணி நேரத்துல புளிச்சு கள்ளாயிரும்.

கீழக்கரையில பேக்கரி வச்சிருக்குறவரு: காக்கா, எங்க வீட்டுல பீர் பேச்சே இல்ல. ஆனா கடை நாய் பன்னுக்கு பிசைஞ்சு வச்ச மாவ தின்னுருச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு, நல்ல கேள்வி. வேகாத ஈஸ்ட் மாவு வயித்துச் சூட்டுல பொங்கிக்கிட்டே இருக்கும், உள்ளயே ஆல்கஹாலும் உண்டாகும். குடிக்காமலே போதை ஏறும், வயிறு ஊதி திருகிக்கிட்டா இன்னும் ஆபத்து. ஊதிப்போயி வாந்தி வராம ஓங்கரிச்சுக்கிட்டே இருந்தா ஒரு நிமிசம்கூட காத்திருக்காதீங்க. வெந்த பன்னு ஒண்ணும் செய்யாது, அதுல திராட்சை மட்டும் இருக்கக்கூடாது, உலர்ந்த திராட்சை நாயோட கிட்னிய கெடுத்துரும்.

ராமநாதபுரம் காலேஜ் பையன்: சார், ஆல்கஹால் இல்லாத பீர் குடுக்கலாமா? நாய்க்குன்னே பீர் விக்கிறாங்களாமே?

ரெண்டும் வேற வேற. மனுசங்களுக்கான ஆல்கஹால் இல்லாத பீர்லயும் ஹாப்ஸ் போட்டிருப்பாங்க, கசப்புக்கு சேக்குற பூ அது. நாய் அத தின்னா உடம்புச்சூடு 41, 42ன்னு எகிறும், இதுக்கு அப்படியே தலைகீழ் வைத்தியம், குளிர வைக்கணும். வெளிநாட்டுல வீட்டுல பீர் காய்ச்சுறவங்க கொட்டுற ஹாப்ஸ் சக்கைய தின்னுதான் பெரும்பாலும் மாட்டியிருக்கு, பாட்டில்ல இருக்குறது கொஞ்சம்தான், ஆனாலும் நம்ம சித்திர வெயில்ல எதுக்கு அந்த சோதனை. நாய்க்குன்னு விக்கிறதுல ஆல்கஹாலும் இல்ல ஹாப்ஸும் இல்ல, எலும்பு சூப் மாதிரி ஒண்ணுதான், பேருதான் பீர்.

மண்டபம்: ஊத்துறவன் மேல கேஸ் போட முடியுமா?

1960ம் வருச மிருகவதைச் சட்டத்துல 11வது பிரிவு இருக்கு, கேடு செய்யுற பொருள வேணும்னே குடுத்தா குத்தம். முதல் தடவைக்கு அபராதம் 10லருந்து 50 ரூவா. பீரே அதவிட விலை.

மறுபடி தங்கச்சிமடம் தம்பி: சரிண்ணே, பீர் வேணாம், சைடு டிஷ்? பாட்டில் சத்தம் கேட்டாலே ஓடியாறான், விரட்ட மனசு வரல.

வெங்காயம் போட்ட எதுவும் வேணாம், ரத்தம் கெட்டுப்போகும். பொரிச்ச கோழி எலும்பு குடல குத்தும். எண்ணெய் கக்குற வறுவலும் வேணாம், கணையம் வீங்கிரும். வலையில மாட்டுன பேத்தைங்கிற விஷ மீன கரையிலயே வீசிட்டு வர்றீங்களே, அத மொதல்ல குழி தோண்டி புதைங்க, பீரவிட பெரிய எமன் அதுதான். கருப்பனுக்கு நாலு சூடை மீன உப்பு, மசாலா இல்லாம அவிச்சு, முள்ளெடுத்து, அந்தத் தண்ணியோட கொட்டாங்கச்சியில வையி, பக்கத்துல உக்காந்து குடிக்கட்டும். பாட்டில் மூடிய மட்டும் மணல்ல போட்டுறாதீங்க, முழுங்கிருவான்.