சுமைதாங்கி

அன்புள்ள அம்மா,

இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவளுடைய நடைக்குழுவோடு ஒரு நாள் முழுக்க நடந்தேன். பதினான்கு பேர். கோட்ஸ்வோல்ட் வே என்ற பாதை. மொத்தம் 164 கிலோமீட்டர், பாத் நகரம் வரை போகிறது. நாங்கள் நடந்தது 16. வயல் நடுவிலும் ஆடு மேய்கிற நிலத்திலும் நடந்தோம், யாரும் தடுக்கவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து ஏக்கமாக இருக்கிறது. நமக்கு நடக்கும் பண்பாடே இல்லை. இங்கே ஒரு குழு சேர்த்தால் எங்கே நடக்கலாம்? 63 வயது முழங்காலுக்கு எந்தக் காலணி நல்லது?

வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ஐயா,

காலணி பற்றி எனக்குத் தெரியாது. முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். மகளோடு நடந்த அந்த நாளை நீங்கள் எழுதியிருந்த விதம் மனதுக்கு இதமாக இருந்தது. ஆனால் ‘நமக்கு நடக்கும் பண்பாடே இல்லை’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போன வாரம்தான் பாகூர்ப் பக்கம் போய், என் ஆயா நடந்த பாதையைத் தேடிக் கிடைக்காமல் திரும்பியிருந்தேன்.

தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போகிறவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? சரி, அதை விடுங்கள். அது திருவிழா நடை. நான் சொல்வது அன்றாட நடை.

ஆயா காய்கறிக் கூடையைத் தலையில் வைத்துக் கடலூருக்கு நடப்பாள். ஏரிக்கரை, வரப்பு, வண்டிப்பாதை, கோடையில் பெண்ணையாற்று மணல். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். வழியில் ஒரு பூவரச மரத்தடியில் சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தோள் உயரம். தலைச்சுமையோடு தனியே வருகிறவள் கூடையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் யார் தயவும் வேண்டாம். கூடையைக் கல்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

அதை நடுவது வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. அவள் இறக்கிவைக்காமல் போன சுமை, வழிப்போக்கர் ஒவ்வொருவர் சுமையும் இறங்கும்போது கொஞ்சம் இறங்கும் என்று நம்பினார்கள். கூடையை இறக்கியதும் ஆயா அந்தக் கல்லை ஒருமுறை தடவிக்கொடுப்பாள், பெற்ற மகளின் முதுகைத் தடவுவதுபோல. செத்தவளின் பெயரால் நடக்கிறவளுக்குக் கல் நட்டு வைத்த ஊர்களில் பிறந்துவிட்டு, பண்பாடு இல்லை என்று எப்படி ஐயா உங்களுக்கு எழுத வந்தது?

அங்கே யாரும் தடுக்கவில்லை என்று வியக்கிறீர்கள். தடுத்தார்கள். 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற தனியார் மேட்டு நிலத்தில், நடக்கும் உரிமை கேட்டு, சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பென்னைன் வே என்ற நெடும்பாதை திறந்தது 1965இல்தான். வயலின் குறுக்கே போகும் பாதையை உழவர் விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைச் சீராக்கித் தரவேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. பயிர் வளர்ந்து பாதையை மூடினாலும் அவர்தான் ஒதுக்கித் தரவேண்டும். நீங்கள் சுகமாக நடந்தது அப்படிக் கிடைத்த பாதைகளில்.

இங்கே நில அளவைக்காரர்கள் வரைந்த புலப்படத்தில் வண்டிப்பாதை இன்னும் இருக்கிறது. நிலத்தில் இல்லை. ஆளுக்கு ஒரு சாலாக உழுதே அதைத் தின்றுவிட்டார்கள். மிச்சத்தில் மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. இதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்கக்கூடியவர்கள் எல்லாம் வண்டி வாங்கிவிட்டோம். கடைசிவரை நடந்தவர்கள் கூடைக்காரிகளும் கூலிக்காரப் பெண்களும்தான். பாதை போனது அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர்கள் சொன்னது நம் காதில் ஏறவில்லை. நீங்களும் நானும் அந்த ஊர்களில்தான் இருந்தோம். எனக்கு இது ஆறவே இல்லை.

எங்கே நடக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் இருக்கிறது. அதன் கரையில் நடங்கள். சில இடங்களில் கருவேல முள் மண்டிக் கிடக்கும், அரிவாள் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் ஏரியில் தண்ணீரும் பறவைகளும் இருக்கும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். திரும்பப் பாகூரிலிருந்து கடலூருக்கு பஸ் இருக்கிறது.

என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஆயாவின் பாதைதான் கிடைக்கவில்லை. அந்தச் சுமைதாங்கியின் மேற்கல்லைக் கண்டேன். ஒரு மனைவேலியின் ஓரத்தில் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. தூக்க ஏழெட்டுப் பேராவது வேண்டும். உங்கள் குழுவிலும் பதினான்கு பேர் சேர்ந்தால் நல்லது.

அன்புடன்.