மரம் நடுகிற படிப்பு இல்லை, ஐயா

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் மகள் பருவநிலை அறிவியல் படிக்கக் கேட்கிறாள், "மரம் நடுவதற்கு எம்.எஸ்சி. எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். மரம் நடுகிற படிப்பு இல்லை இது. கணக்குப் படிப்பு. கடை நடத்தும் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

பூமிக்கு ஒரே பெரிய வரவு வெயில். உருண்டை முழுவதற்கும் பங்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு மேகத்திலும் பனியிலும் பட்டுத் திரும்பிவிடுகிறது. மிச்சம் 240 வாட்டை வெப்பக் கதிராக விண்வெளிக்குக் கொடுத்தாக வேண்டும். வரவும் செலவும் நேராகும்வரை பூமி சூடேறும் அல்லது குளிரும். எந்தப் புயலும் மழையும் இந்தப் பேரேட்டுக்கு உட்பட்டவைதான்.

அன்று நேரில் வந்தபோது உங்கள் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்தேன், நினைவிருக்கும். இந்த 240 வாட்டைக் கொடுக்க பூமி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. வெப்பநிலைக்கேற்ப ஒரு பொருள் எவ்வளவு கதிர் வீசும் என்று சொல்லும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியைப் போட்டு ஐந்தே வரியில் 255 கெல்வின் என்று முடித்தாள். அதாவது மைனஸ் 18 டிகிரி. பேனாவை மூடவில்லை. "பூமியின் சராசரி 15 டிகிரி ஆயிற்றே, மீதி 33 எங்கிருந்து வந்தது?" என்று முணுமுணுத்தபடி ஓரத்தில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு என்று எழுதினாள். இப்படிக் கேள்வி எழுப்புகிறவர்களைத்தான் இந்தப் பக்கம் அனுப்புவேன். மதிப்பெண் பட்டியலை அதற்குப் பிறகுதான் புரட்டுவேன்.

எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதா என்றால், இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு ஏறும்? 1979-ல் அமெரிக்க வானிலை அறிவியலாளர் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2021-ல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை 2.5 முதல் 4 என்றது. நாற்பது ஆண்டு உழைப்பில் இடைவெளி பாதியாகியிருக்கிறது. மீதியில் பெரும் தொல்லை மேகங்கள்தாம். வெயிலைத் தடுப்பதும் அவை, வெப்பத்தைப் பிடித்துவைப்பதும் அவை.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: மென்பொருள் வேலைபோல இருபத்திரண்டு வயதில் கை நிறைய வராது. முனைவர் பட்டம்வரை உதவித்தொகைதான். பிறகு வானிலைத் துறை, ஆய்வு நிறுவனங்கள், காப்பீடு, காற்றாலை மின்சாரம் என்று வழிகள் உண்டு.

கணிதம் இல்லாத "சுற்றுச்சூழல் மேலாண்மை" வகைப் படிப்புகளில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இயற்பியலிலேயே எம்.எஸ்சி. முடிக்கட்டும், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு முயலலாம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். பழைய வினாத்தாள்களை இந்த வாரமே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.